சொல்லத் தயங்காதிருங்கள்



இருதய நோயுள்ளவர் மருந்தை இடையில் விட்டுவிட்டால், மறதி என்றும் அசட்டை என்றும் வீட்டார் கடிந்துகொள்வதுண்டு. நாட்பட்ட நோய்களுக்கான மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதத்தினர்தாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் கூறிற்று. மற்றவர் எல்லாரும் மறதிக்காரர் அல்லர். வாய் திறந்து சொல்லக் கூசுவதனாலும் சிகிச்சை தவறிப்போகிறது.

பிழைப்புக்காக மும்பைக்கும் டில்லிக்கும் வந்த நமக்கு மொழியும் ஒரு தடை. மருத்துவர் இந்தியில் சொல்வது விளங்காவிட்டாலும் தலையசைத்துவிட்டு வருகிறோம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். சொன்னால் மருத்துவர் வேறு மருந்து தருவார். சொல்லாதவரோ தாமே நிறுத்திவிடுகிறார். மின்சார ரயிலில் நெடுநேரம் பயணம் செய்யும் சகோதரி, வழியில் கழிப்பிடம் கிடைக்காதே என்று அஞ்சி, நீர் பிரியச் செய்யும் மாத்திரையை விட்டுவிடுகிறாள். நேரத்தை மாற்றலாமா என்று கேட்க வெட்கம். விலை தாங்கவில்லை என்று சொல்லவும் வெட்கம். சொன்னால், ஜன் ஔஷதி மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று விசாரிக்கலாமே! ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

பேசுவது பழகிக்கொள்ளத்தக்க காரியமே. மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மாத்திரை எதற்காக? எவ்வளவு காலத்திற்கு? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? இந்தி நன்கறிந்த சபையார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஆகவே விருந்தில் ஊறுகாயும் அப்பளமும் வரும்போது, "எனக்கு உப்பு ஆகாது, வேண்டாம் அக்கா" என்று முகமலர்ச்சியோடு சொல்லிப் பழகுங்கள்.

சபையாருக்கும் பொறுப்புண்டு. வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதிருங்கள். உபவாச நாளில் மாத்திரை உட்கொள்பவரை ஏளனமாகப் பார்க்காதிருங்கள். "ஜெபித்தாயிற்றே, இன்னும் மருந்து எதற்கு?" என்று ஒருவரையும் கேட்காதிருங்கள். பவுலோடிருந்த லூக்கா ஒரு வைத்தியன் என்பதை நாம் அறிவோம். உபவாசமிருக்க விரும்பும் நோயாளி முன்னதாகவே மருத்துவரிடமும் போதகரிடமும் பேசட்டும்.

வீட்டாரே, "மாத்திரை போட்டாச்சா?" என்று காவலரைப்போல் விசாரித்தால், "ஆச்சு" என்ற ஒரே பதில்தான் வரும். "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை நாள் சொல்லாதிருந்ததை அவர் சொல்லத் தொடங்கக்கூடும்.