கணக்கு எழுதினால் போதுமா? கண்ணால் பார்க்க வேண்டாமா?

நாள்தோறும் எண்களோடு புழங்குகிறவர்கள் நாம். காலையில் மண்டி விலை, பகலில் கொள்முதல், இரவில் கல்லாவை எண்ணிச் சிட்டையில் ஏற்றும் விற்பனைத் தொகை என்று எண்களுக்குக் குறைவே இல்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பில் போடும் கம்ப்யூட்டரும் பல கடைகளில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் இத்தனை எண்களும் யாருக்காக? ஆடிட்டருக்காக, வரி அலுவலகத்துக்காக என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுதிய கையோடு ஏட்டை மூடிவிடுகிறோம். நமக்குச் சொந்தமான எண்கள் நமக்கு மட்டும் பயன்படாமல் கிடக்கின்றன.

கைபேசியில் கேட்டதும் வாசலுக்குப் பொருளைக் கொண்டுவரும் நிறுவனங்களும், பெரிய சங்கிலிக் கடைகளும் அப்படி இருப்பதில்லை. எந்தப் பொருள் எந்த நாளில் எவ்வளவு போகும் என்பதைப் பழைய விற்பனையைப் பார்த்துத்தான் அவர்கள் கொள்முதல் செய்கிறார்கள். தெருவையும் வாடிக்கையாளரையும் நமக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கணக்கை எடுத்து வைத்துப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அந்த ஒரு குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கைக் கோடாக வரைந்து பார்ப்பது புதிய சங்கதி அல்ல. வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதித் தொகைகளை ஆண்டு வாரியாகக் கோடு போட்டு ஒரு நூலாக வெளியிட்டார். இரு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தாலே எந்த ஆண்டு லாபம், எந்த ஆண்டு நஷ்டம் என்று விளங்கிவிடும். 1821-இல் கோதுமை விலையையும் தொழிலாளியின் கூலியையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டினார். இருநூறு ஆண்டுக்கு முன்னரே தானிய விலைக்குப் பயன்பட்ட முறை இன்றைய மளிகைக் கடைக்கு ஆகாதா?

இதன் அருமைக்கு நம் தீபாவளி வியாபாரமே சாட்சி. தீபாவளி 2023-இல் நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. மாத மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர், 2023 நவம்பரைவிட 2024 நவம்பரில் விற்பனை சரிந்துவிட்டதே என்று கவலைப்பட்டிருப்பார். உண்மையில் பண்டிகைச் சரக்கு அந்த ஆண்டு அக்டோபரிலேயே போய்விட்டது. அன்றாட விற்பனையைத் தேதி வாரியாகக் கோடு போட்டால், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் ஒரு மேடு எழுந்து நிற்பதும், அது 12 நாள் முன்னால் நகர்ந்ததும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். மேட்டின் உயரம் குறைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எந்தத் தேதியில் மேடு ஏறத் தொடங்குகிறது என்று தெரிந்தவர், அதற்கு ஒரு வாரம் முன்பே கொள்முதலை முடித்துக்கொள்வார்.

இதை வரைந்து தர ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் க்னூப்ளாட். 1986-இல் தொடங்கப்பட்டு இன்றுவரை புழக்கத்தில் உள்ளது. விலை கிடையாது. விண்டோஸ், லினக்ஸ் எதிலும் ஓடும். பழைய கம்ப்யூட்டரே போதும். பொத்தான்களும் படங்களும் நிறைந்த மென்பொருள் அல்ல இது. கட்டளையைத் தட்டச்சு செய்தால், அதன்படி படம் வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு நாளுக்கு ஒரு வரியாக, தேதியும் அதன் பக்கத்தில் விற்பனைத் தொகையும் எழுதிக்கொண்டே வரவேண்டும்: 01-10-2025 18450 என்பது போல. பிறகு மூன்று கட்டளைகள். கிடைக்கோட்டில் வருவது தேதி என்பது முதல் கட்டளை. தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதியிருக்கிறோம் என்பது இரண்டாவது. இந்தக் கோப்பை எடுத்துக் கோடு போடு என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரு கோப்பில் சேமித்துவிட்டால், நாளைக்கும் அடுத்த வருடத்துக்கும் அதையே ஓட்டலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் அமைத்துத் தந்துவிடும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தொகையில் கமா போடக் கூடாது. 18,450 என்று எழுதினால் மென்பொருள் அதை 18 என்று படித்துவிடும். கடைக்கு விடுமுறை விட்ட நாளில் வரியைக் காலியாக விட்டால் கோடு அங்கே அறுபட்டு நிற்கும். விற்பனையே இல்லாத நாளோடு அதைக் குழப்பிக்கொள்ள மாட்டோம். இன்னொன்று மிக முக்கியம். நாம் சொல்லாவிட்டால் இந்த மென்பொருள் செங்குத்து அளவைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் தொகைகளில் சிறியதற்கும் பெரியதற்கும் இடையே மட்டும் படத்தை விரித்துவிடும். அப்போது நூறு ரூபாய் வித்தியாசம்கூட மலையும் மடுவுமாகத் தெரியும். பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்று ஒரு கட்டளை சேர்த்துவிட்டால் நாம் ஏமாற மாட்டோம்.

விற்பனையோடு கொள்முதல் விலையையும் ஒரு கோடாகப் போடுவது நல்லது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-ஆம் தேதி தடை நீங்கியது. அடுத்து வந்த வாரங்களில் உலகச் சந்தையில் விலை வேகமாக இறங்கியது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் தரைக்கு வந்துவிட்டது. ஏறிய விலை இறங்காது என்ற நம்பிக்கையில் உச்சியில் சரக்கை வாங்கிக் குவித்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். நாளைய விலையைக் கோடு சொல்லாது; அது ஜோசியம் அல்ல. ஆனால் இதற்கு முன் இப்படி ஏறியபோது எத்தனை நாள் நின்றது, எவ்வளவு இறங்கியது, அப்போது நம் கடையில் விற்பனை எவ்வளவு குறைந்தது என்பதை மறைக்காமல் காட்டும். வாங்கும் கையை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க வைத்தால் அதுவே பெரிய லாபம்.

எக்ஸெல் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். எக்ஸெல் தெரிந்தவர்கள் தாராளமாக அதிலேயே வரையட்டும். வரைந்து பார்க்காமல் இருப்பதுதான் தவறு. எனினும் எழுத்துக் கோப்பில் கணக்கு வைப்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. எந்த நிறுவனத்தின் மென்பொருள் நின்றுபோனாலும், சந்தா கட்டத் தவறினாலும் நம் கணக்கு நம்மிடமே இருக்கும். நம் விற்பனை விவரம் வேறொருவர் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. கல்லாச் சாவியை அடுத்தவர் கையில் கொடுப்போமா? கணக்கும் அப்படித்தான்.

நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, உறுப்பினர்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்பது நமது கோரிக்கை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு கல்லாவை எண்ணியதும் முதல் வரியை எழுதுங்கள். வரும் பொங்கலையும் தீபாவளியையும் அந்தக் கோடு தாண்டும்போது, நம் கடை எந்தத் திசையில் போகிறது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை நமக்கு இருக்காது.