பந்து வலப்பக்கமே போகிறது

ஐம்பது வயதில் கோல்ஃபுக்கு வாத்தியார் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அது வீண் செலவா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கொஞ்ச நாள் ஆகிறது. அவருக்கு நேரில் சொன்ன பதிலை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். அவரைப் போலவே ஆட்டம் கைகூடாத எரிச்சலோடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிறார்கள்.

அம்பத்தூர்க்காரருக்கு ஏன் கோல்ஃப் என்று சிலர் கேட்கலாம். 1990களின் இறுதியில் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் வளர்ந்தன. உதிரிபாகம் செய்து கொடுக்கும் நம் சிறு முதலாளிகள் கொரிய, ஜப்பானிய அதிகாரிகளோடு பழகினார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோல்ஃப். நண்பரையும் அப்படி ஒருவர்தான் கூட்டிப்போனார். முதல் நாள் தற்செயலாக ஒரு பந்து நேராக, உயரமாகப் பறந்தது. அன்றைக்குப் பிடித்தது அவரை விடவில்லை.

இப்போது அவருடைய துயரம் ஒன்றுதான். டிரைவர் என்ற நீண்ட மட்டையை எடுத்தால் பந்து கிளம்பிப் பாதி வழியில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. யூடியூபில் பார்க்காத பாடம் இல்லை. புது டிரைவர் வாங்கினார். பந்து அதே மரங்களுக்குத்தான் போனது. “விட்டுடலாம்னு இருக்கு சார்” என்றார். உண்மையான வேதனையோடு சொன்னார். வாரம் முழுக்க உழைத்து, ஒரே ஒரு காலைப் பொழுதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மனிதர் அவர். அந்தப் பொழுதும் மன உளைச்சலாகவே முடிந்தால் யாருக்கும் வலிக்கும்.

இந்த வளைவுக்கு ஸ்லைஸ் என்று பெயர். பொழுதுபோக்காக ஆடுபவர்களில் மிகப் பலரைப் பிடித்திருக்கும் நோய் இது. இது ஏன் தானாகக் குணமாவதில்லை என்று புரிந்துகொண்டால், வாத்தியார் எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, மட்டை எந்தப் பாதையில் வருகிறது என்ற இரண்டும்தான் பந்தின் போக்கில் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. வலது கைக்காரர் ஒருவரின் மட்டை முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலது பக்கம் சுழன்று வளையும். வளைவதைப் பார்த்தவர் என்ன செய்வார்? அடுத்த முறை இடப்பக்கம் குறிவைத்து நிற்பார், மட்டையையும் இடப்பக்கமாக இழுப்பார். இப்போது பாதை இன்னும் இடப்பக்கம் போகிறது, முகம் பழையபடி திறந்தே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான கோணம் கூடுகிறது, வளைவும் கூடுகிறது. அதைப் பார்த்து மேலும் இடப்பக்கம் திரும்புவார். புத்தியுள்ள மனிதர் நியாயமாக யோசித்துச் செய்யும் திருத்தமே இங்கே நோயை வளர்க்கிறது. ஆயிரம் பந்து அடித்தால் அந்தத் தவறுதான் ஆயிரம் முறை பழகும்.

பழைய புத்தகங்களும் பலரைக் குழப்பியிருக்கின்றன. பந்து கிளம்பும் திசையை மட்டையின் பாதைதான் தீர்மானிக்கிறது என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். ரேடார் கருவிகள் வந்து அளந்து பார்த்தபோது, கிளம்பும் திசையில் பெரும் பங்கு மட்டை முகத்துடையது என்று தெரிந்தது. இன்றைக்கும் இணையத்தில் இரண்டு விதப் பாடமும் கலந்தே கிடக்கின்றன. எது தன் உடம்புக்கு உரியது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

நண்பரிடம் அவர் தொழிலை வைத்தே சொன்னேன். பட்டறையில் ஒரு பாகம் தொடர்ந்து அளவு மீறி வந்தால் லேத் ஓட்டுபவரைத் திட்டிப் பயனில்லை, செட்டிங்கைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க மிஷினுக்கு வெளியே நிற்கும் ஒரு கண் வேண்டும். சட்டென்று ஒத்துக்கொண்டார்.

உடனே எதிர்க்கேள்வியும் வந்தது. வாத்தியார் இல்லாமலே பெரிய ஆட்டக்காரர் ஆனவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அந்தத் திடலிலேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்று, 2016, 2017 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்தியன் ஓப்பனை வென்றார். டெல்லி கோல்ஃப் கிளப்பில் ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்த அலி ஷேர், 1991இல் அதே பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். அமெரிக்காவின் பப்பா வாட்சன் முறையான பாடம் எதுவும் எடுத்ததில்லை என்கிறார். 2012, 2014 இரண்டு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் அவருடையது.

இவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் சௌராசியாவுக்கும் அலி ஷேருக்கும் இருந்த ஒன்று நமக்கு இல்லை. திடல் அவர்களுக்கு வீட்டு வாசல். காலை முதல் மாலை வரை நல்ல ஆட்டமும் மோசமான ஆட்டமும் கண் முன்னே நடந்தன. பாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவர் விடியற்காலையில் கிளம்பி, நூறடிச் சாலையில் திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி என்று தாண்டி நந்தனம் கோல்ஃப் திடலுக்குப் போய்ச் சேர வேண்டும். பூந்தமல்லிக்காரர் போரூரைத் தாண்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு கூடை பந்து. இந்தக் கணக்கில் தானாகக் கற்றுக்கொள்ள ஓர் ஆயுள் போதாது. திறமை குறைந்தவர்களுக்குத்தான் வாத்தியார் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் நேரம் குறைந்தவர்களுக்குத்தான் அவர் முக்கியம்.

இடமும் சுருங்கிவிட்டது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டி ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து ஏறத்தாழ 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் அதற்குள்தான் இருந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. மழைநீருக்கும் பூங்காவுக்கும் அந்த நிலம் பயன்படுவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் நகரத்துக்குள் மட்டை வீச மிஞ்சியிருக்கும் இடம் குறைவு என்பது உண்மை. அடிக்கக் கிடைக்கும் பந்துகள் குறையக் குறைய, ஒவ்வொன்றையும் சரியாக அடிப்பதன் மதிப்பு கூடுகிறது.

வகுப்பில் சேர்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறே ஸ்கோர் இறங்கி ஆட்டம் தேறிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ ஏற்கெனவே பட்டங்கள் வென்றவர். தன் ஸ்விங்கில் திருப்தியில்லாமல் 1980களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் அதை அடியோடு மாற்றத் துணிந்தார். இரண்டு ஆண்டுகள் போல ஆட்டம் சரிந்தே கிடந்தது. 1987இல் மியூர்ஃபீல்டில் கடைசி நாள் பதினெட்டு ஹோல்களையும் பாரிலேயே, அதாவது ஒவ்வொன்றுக்கும் குறித்த அடி எண்ணிக்கையிலேயே முடித்து பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். நாள் முழுக்கப் பயிற்சி செய்தவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது. நம் நண்பர் முதல் மாதம் இன்னும் மோசமாக ஆடினால் அது இயல்பு. புதுப் பிடி கைக்கு அந்நியமாக இருக்கும், பழைய கை குறுக்கே வரும். பலர் சரியாக இந்த இடத்தில்தான் நிறுத்திவிட்டு, கோச்சிங்கால் ஆட்டம் கெட்டது என்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பேச்சு இது.

எப்படிப்பட்ட வாத்தியார்? வந்ததும் பேச ஆரம்பிக்காமல் பத்துப் பதினைந்து பந்து அடிக்கவிட்டுப் பார்ப்பவர். ஒரு வகுப்புக்கு ஒரே விஷயம் சொல்பவர். “முழங்கையை மடக்காதீங்க, தோளைத் திருப்புங்க, இடுப்பை விடுங்க” என்று உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கை தேவை. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் 1999இல் புதிதாகக் கற்பவர்களை வைத்து கோல்ஃப் ஷாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். கைகளின் அசைவை நினைத்தவர்களைவிட மட்டையின் அசைவை நினைத்து அடித்தவர்கள் துல்லியமாக அடித்தார்கள். மறுநாள் சோதித்தபோதும் அந்த வித்தியாசம் நிலைத்தது. மட்டை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வாத்தியார் கிடைத்தால் விடாதீர்கள்.

நல்ல வாத்தியார் இன்னொன்றும் செய்வார். எது தோல்வி, எது இயல்பு என்று சொல்லிக்கொடுப்பார். எட்டடி தூரத்திலிருந்து தட்டும் பந்தை அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களே ஏறத்தாழ இரண்டில் ஒன்றுதான் குழிக்குள் போடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆறடியில் தவறவிட்டதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள் நம்மவர்கள்.

பணக் கணக்கு எளிது. பெயர் பெற்ற நிறுவனங்களின் புது டிரைவர் விலைக்கு ஒரு நல்ல வகுப்புத் தொடரே எடுத்துவிடலாம். ஒரே ஒரு வகுப்பு மட்டும் எடுப்பதென்றால் எடுக்காமலே இருக்கலாம். இரண்டு வார இடைவெளியில் ஐந்தாறு வகுப்பு, இடையில் அந்த ஒரே விஷயத்தை மட்டும் பழகுவது, அந்த மாதங்களில் யூடியூப் பக்கமே போகாமலிருப்பது என்று வைத்துக்கொண்டால் சரி. தொடர் முடிந்ததும் ஸ்கோர் கார்டைப் பார்க்க வேண்டாம். ஒரு பந்து கோணலாகப் போனால், ஏன் போனது என்று தானே சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முடியாவிட்டால் வாத்தியாரை மாற்றலாம், ஆட்டத்தை விட வேண்டியதில்லை.

நண்பர் வரும் மாதம் சேருகிறார். டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஏழாம் எண் அயர்ன் மட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும்படி சொல்லியிருக்கிறேன்.