நாற்பதைக் கடந்த பெண்களும் தொழிற் சட்டமும்

நமது தொழிற் சட்டங்கள் பெண்ணின் உடலைப் பிரசவத்தின்போதே பிரதானமாகக் கவனத்திற் கொள்கின்றன. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, எத்தனையாவது குழந்தையாயினும் 84 நாள் விடுமுறை உறுதியானது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பெண், மாதவிடாய் முற்றாக நிற்பதற்கு முன்னரான சில வருடங்களில் படும் அவதி குறித்து அது மௌனம் சாதிக்கின்றது.

திடீரென உடல் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, மறதி, ஒழுங்கற்ற அதிக இரத்தப்போக்கு. கல்முனையில் வகுப்பெடுக்கும் ஆசிரியை இவற்றை ஓரளவு சமாளித்துவிடலாம். மலசலகூடமில்லாத தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவர் என்ன செய்வார்? தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்குவிப்புக் கொடுப்பனவை 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. வேலைக்குப் போகாத நாளில் சம்பளத்தோடு அதுவும் இல்லை. ஆகவே இரத்தப்போக்குடனேயே மலையேறுகின்றனர், இரத்தசோகை பின்தொடர்கின்றது. ‘வயது போனால் இப்படித்தான்’ என்று வீட்டாரும் கூறிவிடுகின்றனர். அதிக இரத்தப்போக்கு வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், இச்சமாதானம் ஆபத்தானது.

35 வயதைக் கடந்தோருக்கென 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இலவசமாக இயங்குகின்றன. எனினும் அவை பெரும்பாலும் வேலை நேரத்திலேயே நடைபெறுகின்றன. நாட்கூலியை இழந்து யார் போவார்?

சம்பளப் பேச்சுவார்த்தையில் ரூபாவுக்காக வாதாடும் தொழிற்சங்கத் தலைவர்கள் (பெரும்பாலும் ஆண்கள்), சம்பளத்துடனான அரைநாள் கிளினிக் விடுப்பையும் மலைக்கொரு மலசலகூடத்தையும் அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இந்த விடுப்பு அவசியம்.