கடலும் நகரும் நடுவே ஆறும்

வீடு தேடும் இளந்தம்பதியர் பலர், கடற்கரையும் அருகில் வேண்டும், அலுவலகமும் அருகில் வேண்டும் என்கின்றனர். அவர்கட்கு நந்தனத்தைச் சுட்ட நமக்குத் தயக்கமில்லை. அண்ணா சாலை வாயிலிலேயே இருக்கிறது. 2018இல் மெட்ரோ நிலையமும் திறக்கப்பட்டது. சாந்தோம் கடற்கரையோ நான்கைந்து கிலோமீட்டர்தான். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரக் குப்பங்களைச் சூறையாடியபோது, அவ்வலை இவ்வளவு தொலைவு எட்டவில்லை.

ஆயினும் 2015 டிசம்பரில் நீர் வந்தது கடல் வழியாக அன்று. செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட, பெருக்கெடுத்த அடையாறு கரையோரத் தெருக்களுள் புகுந்தது. ஆதலின், கடல் எவ்வளவு தூரம் என்று கேட்போர் ஆறு எவ்வளவு தூரம் என்றும் கேட்டறிதல் நன்று. தரகர் இதைச் சொல்லார். கீழ்த்தளத்தில் நெடுநாள் குடியிருக்கும் பெரியவரோ சுவரில் கை வைத்தே காட்டுவார்.