கடை முன்னால் கமராவுடன் ஒருவர் நின்றால்…

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு கொடுக்கல் வாங்கல் விடயமாகப் புறக்கோட்டைக்குச் செல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் குறுக்குத் தெருவில், சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் நாம் அழைக்கும் ஜாமிஉல் அழ்பார் பள்ளிவாசலுக்குச் சற்று அப்பால், ஒரு மொத்த வியாபாரக் கடையின் முன்னால் கூட்டம் கூடி நின்றது. நடுவில் இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன். கழுத்தில் கமரா தொங்கியது. கமராவின் பட்டியைக் கடைச் சிப்பந்தி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“யார்ட்ட கேட்டு தம்பி எங்கட கடைய போட்டோ புடிச்ச? அழிச்சிப் போட்டுப் போ.”

பையன் கட்டடக்கலை படிக்கும் மாணவன். பழைய கடைகளின் மேல்மாடி முகப்புகளை, மரச் சன்னல்களை, தூண்களைப் படமெடுத்து ஒப்படை செய்ய வந்திருக்கிறான். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. முகம் சிவக்க, படங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் போனான்.

கடை முதலாளி எனக்கு நீண்ட காலப் பழக்கம். உள்ளே அழைத்துப் பிளேன்டீ தந்துவிட்டுச் சொன்னார். “காலம் கெட்டுக் கிடக்கு நானா. யாரு எதுக்கு எடுக்குறான் என்டு எங்களுக்குத் தெரியுமா?”

அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 2013 இல் ஹலால் பிரச்சினை கிளப்பப்பட்ட காலத்திலிருந்து எமது கடைகளைப் புறக்கணிக்குமாறு பகிரங்கமாகவே பிரசாரம் செய்யப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன, 2019 மே மாதத்தில் மினுவாங்கொடை, குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல என்று கடைகள் எரிந்ததையும் கண்டோம். தன் கடையின் பெயர்ப்பலகை யாரோ ஒருவருடைய தொலைபேசியில் பதிவாவதைக் கண்டு ஒரு வியாபாரி பதறுவாரேயானால், அதை வெறும் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பயம் நியாயமானது என்பதற்காக அன்று செய்த காரியம் நியாயமாகிவிடாது. சட்டப்படியும் அது பிழை. வியாபார ரீதியாகப் பார்த்தால் அதைவிடப் பெரிய பிழை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பொது வீதியில் நின்றுகொண்டு, வீதியால் போகும் எவருடைய கண்ணுக்கும் தெரிகின்ற ஒரு கட்டடத்தைப் படம் எடுப்பது எமது நாட்டில் பொதுவாகக் குற்றமல்ல. கடைக்காரரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கடை உங்களுடையது, காணியும் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் வீதியிலிருந்து தெரிகின்ற காட்சி உங்களுடைய உடைமையல்ல. பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை அடித்து, மின்விளக்கும் போட்டு, எல்லோரும் பாருங்கள் என்று நாமே அழைத்துவிட்டு, ஒருவர் கொஞ்சம் கூர்ந்து பார்த்ததும் கோபப்படுவது எப்படிப் பொருந்தும்?

கடைக்குள்ளே கதை வேறு. வாசற்படியைத் தாண்டினால் அது உங்கள் இடம். உள்ளே படம் எடுக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்காதவரை வெளியே போகச் சொல்லலாம். பெண்கள் வந்து துணி தெரிவு செய்யும் கடைகளில் அப்படி ஓர் அறிவித்தல் தொங்கவிடுவது நல்லது என்பதே எனது அபிப்பிராயம். ஆனால் உள்ளே நின்றவராயினும் சரி, வெளியே நின்றவராயினும் சரி, அவருடைய கமராவைப் பறிப்பதற்கோ, படங்களை அழிக்க வைப்பதற்கோ, போகவிடாமல் சுற்றி நிற்பதற்கோ எந்தக் கடைக்காரருக்கும் அதிகாரம் கிடையாது. ஒருவரை அவர் செல்ல உரிமையுள்ள வழியில் செல்லவிடாமல் மறிப்பதும், அவர்மீது பலாத்காரம் பிரயோகிப்பதும் எமது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். அன்று அந்த மாணவன் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தால் சட்டத்தரணியைத் தேட வேண்டியவர் எமது முதலாளிதான்.

அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரையை ஒரு தடவை வாசித்துப் பார்க்குமாறு வியாபாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சட்டரீதியான எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் நடத்தும் சுதந்திரத்தை உங்களுக்குத் தருவது அந்த உறுப்புரைதான். பேச்சுச் சுதந்திரத்தையும் வெளியீட்டுச் சுதந்திரத்தையும் பிரஜைகளுக்குத் தருவதும் அதே உறுப்புரைதான். எமது கடையைப் புறக்கணிக்கச் சொன்னபோது எந்த ஏட்டைக் காட்டி நாம் நியாயம் கேட்டோமோ, அதே ஏட்டில்தான் கமராக்காரருடைய பிழைப்பும் எழுதப்பட்டிருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட இடங்களைப் படமெடுப்பது பாரதூரமான குற்றம். இராணுவ முகாம்கள் போன்ற இடங்களில் சுற்றுலாப் பயணியும் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே புத்தி. யுத்த காலத்தில் கொழும்பு கோட்டைப் பக்கம் கமராவைத் தூக்கினாலே விசாரணைதான். 2009 இல் யுத்தம் முடிந்தது. ஆனால் கமராவைக் கண்டதும் சந்தேகிக்கும் பழக்கம் எம்மை விட்டு இன்னும் போகவில்லை.

இது எமக்கு மட்டுமான வியாதியுமல்ல. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆவது பிரிவு, நியாயமான சந்தேகம் எதுவும் இல்லாமலேயே ஒருவரை நிறுத்திச் சோதனையிடும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குக் கொடுத்தது. லண்டனில் கட்டடங்களைப் படமெடுத்த புகைப்படக்காரர்கள் இதனால் திரும்பத் திரும்ப மறிக்கப்பட்டார்கள். தாங்கள் புகைப்படக்காரர்களே தவிரப் பயங்கரவாதிகளல்ல என்ற சுலோகத்துடன் 2010 ஜனவரியில் அவர்கள் ட்ரஃபல்கர் சதுக்கத்தில் திரண்டார்கள். அதே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அந்த அதிகாரம் தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. காரணமின்றி நிறுத்திச் சோதிக்கப்படுவது என்றால் என்ன என்பதை 2019 இல் நன்றாக அனுபவித்தவர்கள் நாம். அதையே இன்னொருவனுக்கு நாம் செய்யலாமா?

இனி வியாபாரிகளுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். படம் எடுப்பது ஒன்று, எடுத்த படத்தை வைத்து வியாபாரம் செய்வது இன்னொன்று. எம்மில் பலர் இவ்விரண்டையும் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள். எடுப்பவனைத் துரத்துகிறார்கள். ஆனால் இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவருடைய படத்தைக் கலண்டரிலும் ஷொப்பிங் பையிலும் கேட்காமலே அச்சடிக்கிறார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரொக் இசைக்கான ஒரு பெரிய அரும்பொருட்காட்சியகம் 1995 இல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தின் வடிவத்தையே அவர்கள் வியாபாரக் குறியாகப் பதிந்தும் வைத்திருந்தார்கள். உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவர் அந்தி நேர வானத்தின் பின்னணியில் அதைப் படமெடுத்து, போஸ்டராக அடித்து, 40, 50 டொலருக்கு விற்கத் தொடங்கினார். நிர்வாகம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது. 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. போஸ்டரில் இருப்பது ஒரு கட்டடத்தின் படம், அதைப் பார்த்து வாங்குபவர் அதை நிர்வாகத்தின் முத்திரை என்று எண்ணுவார் என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுக்கவும், அந்தப் படத்தை விற்கவும் கட்டடக் கலைஞரின் பதிப்புரிமை தடையல்ல என்று அமெரிக்கா 1990 இலேயே சட்டம் செய்துவிட்டது. பிரித்தானியாவின் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62 ஆவது பிரிவும் கட்டடங்களைப் பொறுத்தவரை இதையே சொல்கிறது.

ஜேர்மனியில் நடந்த இன்னொரு வழக்கு புறக்கோட்டைக்கென்றே நடந்ததுபோல் இருக்கிறது. வியன்னா நகரிலுள்ள ஹுண்டர்ட்வாசர் மாளிகை ஒரு வினோதமான, வர்ணமயமான கட்டடம். எதிர்ப்பக்க வீடொன்றின் மேல்மாடியிலிருந்து அதைப் படமெடுத்து ஜேர்மனியில் போஸ்டர்களாக விற்றார்கள். வீதியிலிருந்து தெரியும் காட்சியைத்தான் சட்டம் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது, தனியார் மாடியில் ஏறி எடுத்த படத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று 2003 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட எமது சிவப்புப் பள்ளியைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள், தெரு ஒடுக்கமாக இருப்பதால் கோபுரங்கள் முழுதாகத் தெரியவேண்டும் என்று எதிர்க் கடைகளின் மாடிக்கு ஏற ஆசைப்படுவதுண்டு. அங்கே தீர்மானிப்பவர் கடைக்காரர்தான். அனுமதிக்கலாம், மறுக்கலாம், ஒரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு ஏறுங்கள் என்றும் சொல்லலாம். எங்கே எமக்கு உரிமை இருக்கிறதோ அங்கே வருமானமும் இருக்கிறது. தெருவில் இரண்டுமே கிடையாது.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கட்டடக்கலைப் படைப்புகளையும் புகைப்படங்களையும் பாதுகாக்கப்படும் படைப்புகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. படைப்பாளியின் ஆயுட்காலமும் அதற்குப் பின்னர் 70 வருடங்களும் பொதுவான பாதுகாப்புக் காலம். செய்தி, விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி போன்ற நியாயமான பயன்பாட்டுக்கு 11 ஆவது பிரிவு இடம் தருகிறது. எனவே அந்த மாணவன் அந்தக் கோணத்திலும் பிழை செய்யவில்லை. ஆனால் பிரித்தானியாவின் 62 ஆவது பிரிவைப் போல, கட்டடத்தைப் படமெடுத்து விற்பதும் பரவாயில்லை என்று வெளிப்படையாகக் கூறும் ஒரு வாசகம் எமது சட்டத்தில் இல்லை. நூறு வருடப் பழைமையான கட்டடம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஜெஃப்ரி பாவா 2003 இல் காலமானார். அந்தக் கணக்கில் அவருடைய வடிவமைப்புகளின் பாதுகாப்பு 2073 வரை நீளும். ஒரு நவீன ஹோட்டலையோ தாமரைக் கோபுரத்தையோ தேயிலைப் பெட்டியின் மூடியில் அச்சடித்து ஏற்றுமதி செய்ய நினைப்பவர், அச்சகத்துக்கு ஓடமுன்னர் ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பது மலிவு. இந்தியாவில் மும்பையின் தாஜ்மஹால் பெலஸ் ஹோட்டல் தன் கட்டடத் தோற்றத்தை 2017 இல் வியாபாரக் குறியாகவே பதிவு செய்துவிட்டது. இரவில் ஈபிள் கோபுரத்தின் மின்னலங்காரப் படத்தை விளம்பரத்தில் போடுவதற்கும் அனுமதி பெற வேண்டும்.

கட்டடம் எவ்வளவு பழையதாக இருந்தாலும், படம் எடுத்தவருடைய உரிமை தனி. சிவப்புப் பள்ளி எமது பள்ளிதானே என்று சொல்லிக்கொண்டு, ஒருவர் வெயிலில் நின்று எடுத்த படத்தை எடுத்துக் கலண்டர் அடிப்பது அவருடைய உழைப்பை எடுப்பதாகும். இதில் எமது ஆட்கள் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பு, நியாயமான ஒரு தொகை, கீழே சிறிய எழுத்தில் அவருடைய பெயர். இவ்வளவுதான் செலவு.

துணிக் கடைக்காரர்கள் வேறொரு பயம் சொல்வார்கள். கண்ணாடிக்குள் வைத்த டிசைனைப் போட்டியாளர் படமெடுத்துக்கொண்டு போய் மறு வாரமே தைத்துவிடுகிறார் என்பார்கள். இதற்கும் கமராவைப் பறிப்பது மருந்தல்ல. இன்று ஒவ்வொரு வாடிக்கையாளரின் சட்டைப்பையிலும் ஒரு கமரா இருக்கிறது, எத்தனை பேரை மறிப்பீர்கள்? புதிய வடிவத்தைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்யலாம். ஐந்து வருடப் பாதுகாப்புக் கிடைக்கும், மேலும் இரண்டு தடவை ஐந்தைந்து வருடங்கள் நீடிக்கலாம். பெயரையும் அடையாளத்தையும் வியாபாரக் குறியாகப் பதிந்தால் பத்து வருடம், அதன் பின்னரும் புதுப்பிக்கலாம். எத்தனை கடைகளில் அந்தச் சான்றிதழ் இருக்கிறது என்று கேட்டால் முதலாளிமார் பேச்சை மாற்றுவார்கள்.

அன்றைய முதலாளியிடமும் நான் இதைத்தான் சொன்னேன். கெட்ட நோக்கத்தோடு வருபவன் கழுத்தில் பெரிய கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பட்டப்பகலில் கடை முன்னால் நிற்கமாட்டான். கூகுளின் வீதிக் காட்சி 2016 இல் இலங்கைக்கும் வந்துவிட்டது, தேவையானவன் வீட்டில் இருந்தபடியே எமது வீதிகளைப் பார்த்துக்கொள்வான். நாம் துரத்துவது மாணவனையும் சுற்றுலாப் பயணியையும் பத்திரிகையாளனையும்தான். எரிந்த கடைகளை உலகத்துக்குக் காட்டியவர்களும் வீதியில் நின்று படமெடுத்தவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் சலாமோ வணக்கமோ சொல்லி, “தம்பி எங்கிருந்து வாறீங்க? எதுக்காக எடுக்கிறீங்க?” என்று கேட்கலாம். கேட்பதற்குச் சட்டம் தடையில்லை. பதில் திருப்தியில்லை என்றால் வாகன இலக்கத்தைக் குறித்து வைத்துப் பொலிஸுக்கு அறிவிக்கலாம்.

“உங்கட கடைட முகப்பு, உள்ளே சரக்கு அடுக்கின விதம், இதெல்லாம் படமா உங்கட கிட்ட இருக்கா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மகளின் கல்யாணத்தன்று வாசலில் நின்று எடுத்த ஒன்று இருக்கலாம் என்றார். நாளைக்கு ஓர் அனர்த்தம் நடந்தால், அது மின்ஒழுக்காக இருந்தாலும் கலவரமாக இருந்தாலும், கடை எப்படி இருந்தது என்பதற்குக் காப்புறுதிக் கம்பனிக்கோ நட்டஈடு மதிப்பிட வருபவருக்கோ காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. கலவரத்துக்கான மேலதிகக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கேட்டேன். அதையும் பார்க்க வேண்டும் என்றார். அந்த மாணவன் அன்று அழித்த படங்களில், முகப்பு முழுவதும், பெயர்ப்பலகையும் மேல்மாடிச் சன்னல்களுமாகத் தெளிவாக விழுந்திருந்தது. நான் கமராவின் திரையில் பார்த்தேன்.