பழைய துப்பாக்கியைத் தொட்டால் குடும்ப மானம் போய்விடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு, அப்புறம் திட்டுங்கள்.

என்னிடம் வரலாறு படித்த நம் ஊர்ப் பையன் ஒருவன் பாரீசில் மேற்படிப்பு படிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஏல நிறுவனத்தில் பகுதி நேர வேலை. சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பழங்காலத் துப்பாக்கிகளைக் கையாளுவதுதான் அது. விஷயம் தெரிந்ததும் சொந்தத்துக்குள் இரண்டு கட்சி. "எம்.ஏ. படித்துவிட்டு இரும்பு தூக்குகிறானா?" என்கிறது ஒன்று. "நம்மிடம் கொள்ளையடித்ததை வெள்ளைக்காரன் விற்கிறான், இவன் துடைத்துக் கொடுக்கிறானா?" என்கிறது இன்னொன்று. வேலையை விடச் சொல்லிவிட்டார் அவன் அப்பா. விடக்கூடாது என்பது என் கட்சி.

முதல் கட்சிக்காரர்களே, அந்த வேலை என்னவென்று கேட்டீர்களா? வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி வந்தால், முதலில் அது காலியா என்று பார்க்க வேண்டும். குழலுக்குள் ஒரு மரக்கோலை விட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து, வெளி நீளத்தோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. இருநூறு வருஷத்துக் கருமருந்தும் ஈரம் படாமல் இருந்தால் பற்றும். வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பில் துரு ஏறும், அதனால் கையுறை. பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால், பட்டறை முத்திரையும் போய்விடும், விலையும் போய்விடும். பிறகு முத்திரையைப் படித்து, எந்த ஊர், எந்த வருஷம், எது பழைய பாகம், எது பிற்பாடு மாற்றியது என்று சீட்டில் எழுத வேண்டும். இதற்குப் பெயர் இரும்பு தூக்குவதா? வங்கியில் கணக்கு எழுதினால் உத்தியோகம், வரலாற்றுக்குக் கணக்கு எழுதினால் கூலியா?

"துப்பாக்கி என்றால் போலீஸ் கேஸ்" என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1900க்கு முந்திய மாதிரித் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றை வயது வந்தவர்கள் வைத்திருக்கப் பிரான்சு சட்டம் அனுமதிக்கிறது. நம் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவும், பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருள் ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. அவன் செய்வது திருட்டு வேலை அல்ல.

இரண்டாவது கட்சியின் கோபம் நியாயமானது. 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அரண்மனைச் சொத்தைப் படை பங்கு போட்டுக்கொண்டது. அந்தப் பங்குகள்தான் தலைமுறை தாண்டி ஏலத்துக்கு வருகின்றன. 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் பரணில் இருந்து வந்த திப்புவின் துப்பாக்கி 60,000 பவுண்டுக்கு ஏலம் போனது. கும்பினிப் படை மேஜர் ஒருவரின் வழிவந்த குடும்பம் அது. 2023இல் திப்புவுக்காகச் செய்த இன்னொரு வேட்டைத் துப்பாக்கி நாட்டைவிட்டுப் போகாதபடி பிரிட்டிஷ் அரசு தற்காலிகத் தடை போட்டது. மதிப்பு 20 லட்சம் பவுண்டு. நம் மண்ணில் செய்த பொருள் அவர்கள் நாட்டைவிட்டுப் போகக்கூடாதாம்! கேட்டால் எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் யோசியுங்கள். 2019இல் விற்ற துப்பாக்கியின் இடப்பக்கத்தில் குண்டு பட்ட சேதம் இருந்தது. அதனால்தான் அது போர்க்களத்தில் இருந்திருக்கலாம் என்று பேச முடிந்தது. இடையில் ஒருவர் அழகுக்காக அந்தச் சேதத்தைச் சரிசெய்திருந்தால் சாட்சி அழிந்திருக்கும். 2023இல் பேசப்பட்ட துப்பாக்கியைச் செய்த கைவினைஞர் அசத் கான் முகம்மது என்று இன்று நமக்குத் தெரிகிறது. யாரோ ஒருவர் பொறுமையாகப் பார்த்துக் குறித்து வைத்ததால் தெரிகிறது. நாளைக்கு "திருப்பிக் கொடு" என்று கேட்கப் போகும் வழக்கறிஞருக்குக் கையில் வேண்டியது நம் கோபம் அல்ல, அந்தச் சீட்டு. அதை எழுதும் இடத்தில் நம் பிள்ளை ஒருவன் இருப்பது நமக்கு நஷ்டமா?

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. பதினாறாம் லூயியைப் பார்க்கத் திப்பு அனுப்பிய தூதுக்குழு 1787இல் கப்பலேறியது புதுச்சேரியில். பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கேட்டு வாங்கி வருவதும் அவர்கள் போன காரியங்களில் ஒன்று. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிப் பையன் இந்தப் பொருள்களைப் படிக்காமல் வேறு யார் படிப்பது?

கொள்ளை என்று கத்துகிறவர்களுக்கு ஒரு கேள்வி. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. தினமும் அங்கே நடக்கிறீர்கள், சுண்டல் சாப்பிடுகிறீர்கள், செல்ஃபி எடுக்கிறீர்கள். எப்படி வந்தன என்று பிள்ளைகளுக்கு ஒருநாள் சொன்னதுண்டா? சொல்தா தாத்தாவின் பெட்டியை வீடு இடிக்கும்போது காயலான் கடைக்குப் போட்டவர்கள் நாம். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொருளின் அருமை தெரிந்த கை இல்லாவிட்டால் அந்தச் சட்டம் எதைக் காப்பாற்றும்?

அந்தப் பையனுக்கு நான் சொல்வது ஒன்றே. வேலையை விடாதே. ஆனால் சீட்டில் "குடும்பச் சொத்து" என்று மட்டும் எழுதச் சொன்னால், "1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எடுத்தது" என்பதையும் சேர்க்கக் கேள். ஆதாரம் இருந்தும் மறைக்கச் சொன்னால், அன்றைக்கு வேலையை விடு. கற்றதை எடுத்துக்கொண்டு இங்கே வா.

மற்றவர்களுக்கு: வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் விசையை இழுக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது விலக்குப் பெற்றதா என்று நீங்களே முடிவு கட்டாமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். எப்படி வீட்டுக்கு வந்தது என்று பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பையனின் அப்பா இதைப் படிப்பார் என்று தெரியும். தம்பி, நீங்களும் எழுதுங்கள்.