குடிவரவு நெருக்கடி: சுமை யார் தோளில்?

கனடாவின் மக்கள்தொகை 2023ஆம் ஆண்டில் 12 லட்சத்துக்கும் மேல் அதிகரித்தது. 1957க்குப் பின்னர் இத்தனை வேகமான வளர்ச்சி பதிவானதில்லை. இதில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு குடிவரவினால் ஏற்பட்டது.

குடிவரவினால் சமூகத்துக்குத் தீங்கு என்ற வாதம் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பெயரால் முன்வைக்கப்படுகிறது. ஆனால், ஈழத்தமிழர் உட்படப் பல நாட்டுக் குடியேறிகள் வாழும் ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில், நெருக்கடியை முதலில் சுமப்பவர்கள் முன்னரே வந்து குடியேறிய வாடகைதாரர்கள்தான்.

ஒன்ராறியோ மாகாணத்தில், பெரும்பாலான பழைய கட்டடங்களில் குடியிருப்பவரின் வாடகை உயர்வுக்கு ஆண்டு வரம்பு உண்டு. வீடு காலியானால், அடுத்து வருபவரிடம் கேட்கும் தொகைக்கு வரம்பில்லை. ஆகவே வீடு தேடுவோர் பெருகும்போது, பழையவர் குடும்பம் பெருகினாலும் இடம்மாற இயலாது. புதியவர் பெருந்தொகை கொடுத்துச் சிறு அறையைப் பகிர்ந்துகொள்கிறார்.

2019இல் மாகாண அரசு உள்நாட்டு மாணவர்களின் கல்விக் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தது. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் பணத்தை மேலும் நம்பத் தொடங்கின. 2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. வோபர்னில் வளாகம் கொண்ட சென்டெனியல் கல்லூரி, 2025இல் 49 பாடநெறிகளுக்கான சேர்க்கையை நிறுத்தியது.

வந்தவர்களின் பணத்தைக் கணக்கிட்ட அரசுகள், அவர்களுக்கான வீடுகளைக் கணக்கிடவில்லை. "இனிப் போதும்" என்ற குரல் இன்று குடியேறிய சமூகங்களுக்குள்ளும் எழுகிறது. அக்கேள்வியைப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடமன்றி, மத்திய, மாகாண அரசுகளிடமே எழுப்பவேண்டும்.